காட்டுப்பூனையின் முடி நடவு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். தள்ளி இருந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும்.

ஒரு மலைக்காடு. அதன் நடுவில் ஒரு குளம். விடிந்து வெகுநேரம் ஆனாலும் அந்தக் குளத்தின் மேல் பனி விலகாது. மரம் எது, தண்ணீரில் தெரியும் மரம் எது என்று மீனுக்கே சந்தேகம் வரும். கரையில் பெரிய ஆலமரம். அதில் ஒரு குரங்குக் கூட்டம்.

கூட்டத்தில் பூவாயி என்றொரு பெண்குரங்கு. அவள் வயிற்றைக் கட்டிக்கொண்டு எப்போதும் ஒரு குட்டி தொங்கும். அவள் தூங்கும்போதும் தொங்கும், கிளைக்குக் கிளை தாவும்போதும் தொங்கும். இரண்டு கையிலும் தாயின் வயிற்று முடியைக் கொத்தாகப் பிடித்திருக்கும். அதற்குத் தொட்டிலும் அதுதான், கயிறும் அதுதான்.

பூவாயிக்கு ஒரே ஒரு மனக்குறை. தலைமுடி கொட்டிக்கொண்டே வந்தது. வகிடு அகன்று வாய்க்காலாகி, வாய்க்கால் அகன்று குளமாகிவிட்டது!

"தள்ளிப் போடி! உன் தலையில் பேன் பார்ப்பதும் கூழாங்கல்லில் பேன் பார்ப்பதும் ஒன்று!" என்று மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

குரங்குகளுக்குப் பேன் பார்ப்பதுதான் பேச்சு, அதுதான் உறவு. பக்கத்தில் வர ஆளில்லாமல் பூவாயி கிளை நுனியில் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

கரிசலாங்கண்ணியைக் கசக்கித் தடவினாள். நெல்லிக்காயை நசுக்கித் தேய்த்தாள். செம்பருத்தி இலையை அப்பிக்கொண்டு கிடந்தாள். தலை மணந்தது, முடி வரவில்லை. அவள் புருஷன் சடையனுக்கோ பெயரில் மட்டும்தான் சடை. நெற்றி ஏறி ஏறிப் பிடரிக்கே போய்விட்டது.

இதையெல்லாம் புதரிலிருந்து ஒரு காட்டுப்பூனை பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண் அந்தக் குட்டியின் மேல். மரத்தில் ஏறித் தூக்கினால் கூட்டமே கிழித்துப் போட்டுவிடும். குட்டி தானாகக் கீழே விழுந்தால்?

பூனை மீசையை நக்கி வழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"மேலே தடவி என்ன பிரயோசனம், தாயே? வெறும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் நெல் வந்துவிடுமா? நாற்று நட வேண்டும்!"

"நாற்றா?" என்றாள் பூவாயி.

"வயல்காட்டில் எலி பிடிக்கப் போனபோது பார்த்துப் படித்த வைத்தியம். உங்கள் வயிறு நாற்றங்கால். தலை வயல். அங்கே பறித்து இங்கே நட்டால் முடிந்தது!"

"முதலில் எனக்கு!" என்று சடையன் குதித்து இறங்கினான்.

பூனை அவன் தலையில் பிசினாய் ஒட்டும் பலாப்பால் பூசியது. வயிற்றிலிருந்து கொத்துக் கொத்தாகப் பிடுங்கி ஒட்டியது. சடையன் "ஆ! ஊ!" என்றான். பிறகு தண்ணீரில் குனிந்து பார்த்தான். பின்னால் தொங்கிய ஆலம் விழுதெல்லாம் பனியில் கலங்கி, அவன் தலையிலிருந்தே இறங்குவதுபோல் தெரிந்தது.

"அடியே, இது நானா!" என்று பூவாயியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அன்றிலிருந்து சடையன் தலையை அசைப்பதே இல்லை. முடி போன வயிறு பனியில் வெடவெடவென்று நடுங்கியது.

"குளிருதாங்க?" என்று கேட்டாள் பூவாயி.

"குளிரா? அ... அ... அழகு!" என்றான், பல் தந்தியடிக்க.

பூவாயிக்கு ஆசை அடங்கவில்லை. குட்டியோடு இறங்கிக் கரையில் வந்து உட்கார்ந்தாள். கூட்டம் முழுக்க மேலே கிளைகளிலிருந்து எட்டிப் பார்த்தது.

"கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தாயே. நட்டு முடித்ததும் நேரே உச்சிக்கிளைக்குப் போங்கள். ஊர் பார்க்க ஒரு தாவு தாவுங்கள்!" என்றது பூனை.

பூவாயி கண்ணை மூடினாள். சுரீர் என்று ஒரு கொத்துப் போனது. வலிக்கு நடுவிலும் ஒரு கனவு. மழை இறங்குவதுபோல் அவள் தலையிலிருந்து முடி இறங்குகிறது. சுற்றிலும் பெண்கள். எத்தனை விரல்கள்! எவ்வளவு பேச்சு! அந்த விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன விரல் மட்டும் எதையோ தேடுகிறது, வழுக்குகிறது, திரும்பவும் தேடுகிறது.

கண்ணைத் திறந்து தண்ணீரைப் பார்த்தாள். வயிற்றில் முடி போன இடம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அதன்மேல் குட்டியின் கை விரிந்து விரிந்து மூடியது. பிடி கிடைக்கவில்லை. பூனையின் பார்வை அவள் தலையில் இல்லை. தொங்குகிற குட்டியின் காலில் இருந்தது.

பூவாயி ஒரு கையால் குட்டியை மெல்ல அணைத்துக்கொண்டாள்.

"வைத்தியரே, ஒரு சந்தேகம். நாற்றுப் பறித்த பிறகு நாற்றங்காலில் என்ன இருக்கும்?"

"சேறுதான் இருக்கும், வேறென்ன!"

"அப்போ என் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?"

பூனை விழித்தது. "வாயில் கவ்விக்கொள்ளுங்களேன்! எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான்!"

"உங்கள் வீட்டில் மரத்துக்கு மரம் தாவுவார்களோ?"

பூவாயி சிரித்தாள்.

"போகட்டும், நடுங்கள். ஆனால் உங்கள் பாதம் பட்டு மாதிரி இருக்கிறதே, நாற்று வழுக்காதா? கொஞ்சம் பலாப்பால் தடவட்டுமா?"

பட்டு என்றதும் பூனைக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு காலையும் விடாமல் நீட்டியது. பூவாயி நன்றாக அப்பினாள். அப்பிய கையோடு "போய் வருகிறேன்!" என்று கிளைக்கு எகிறினாள்.

பூனை பாய்ந்தது. பாய்ந்த இடத்துச் சருகெல்லாம் பாதத்தில் ஒட்டிக்கொண்டது. ஓர் அடி வைத்தால் சரசர! இன்னோர் அடி வைத்தால் சரசர!

"வைத்தியர் செருப்புப் போட்டுக்கொண்டார்!" என்று மரமே சிரித்தது. சடையனும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். நட்டதெல்லாம் பிய்ந்து குளத்தில் மிதந்தது. பூனை போன வழியில் எலிகள் அதன் சத்தம் கேட்டு ஒதுங்கி நின்று வழிவிட்டன.

இல்லாததைத் தருகிறேன் என்று ஒருவன் வந்தால், அதற்காக அவன் எங்கே கை வைக்கிறான் என்று முதலில் பாருங்கள், கண்ணுகளா.

பூவாயி அதைத்தான் பார்த்தாள். குட்டியின் கையை எடுத்து, விலாப்பக்கம் முடி அடர்ந்த இடத்தில் வைத்தாள். விரல்கள் இறுகுகிறவரை காத்திருந்தாள். பிறகு பனிக்குள் தாவினாள்.