பங்கா இழுப்பவனின் கேள்வி

ஜமீன் மாளிகையில் வெள்ளிக்கிழமைதோறும் வாழ்க்கை, சமூகம் என்று பெரிய பேச்சு நடக்கும். அன்று மூலையில் நின்று, கூரையில் தொங்கும் பங்கா விசிறியின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த வீரணன் வாயைத் திறந்துவிட்டான்.

"சாமி, எல்லாருக்கும் காத்து வருது. இழுக்கிறவனுக்கு மட்டும் ஏன் வேர்க்குது?"

அன்று பேசிக்கொண்டிருந்த வித்வான் அருணகிரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "தெரிந்துகொள்ளும் அரிப்பு அற்பர்களின் வியாதி! எனக்கு அது கிடையாது. எனக்கும் உண்டென்று இப்போதே காட்டு, இல்லையென்றால் வேலையை விட்டுப் போ!"

வீரணன் கயிற்றை விட்டான். நேரே போய் ஜமீன்தார் காதில் ஏதோ கிசுகிசுத்தான். ஜமீன்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வித்வான் நெளிந்தார், செருமினார், பொறுக்க முடியவில்லை.

"என்ன சொன்னான்?"

"நீர் இப்படிக் கேட்பீர் என்று சொன்னான்!"

சபையே சிரித்தது. வீரணன் மட்டும் சிரிக்கவில்லை, கயிற்றையும் தொடவில்லை.

"இப்ப என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க, சாமி."

வித்வானுக்கு வேர்க்க ஆரம்பித்தது.