நரித் தூதர் உண்ட விருந்து

நரி தந்திரமுள்ள பிராணி என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இது மிகப் பெரிய பிழை. உடனே திருத்தப்பட வேண்டியது. நரிக்கு இருப்பது பேச்சு மட்டுமே. தந்திரம் இருந்திருந்தால் இத்தனை கதைகளில் அது ஏன் அடிபட வேண்டும்?

அப்படியொரு பேச்சுக்கார நரியைத்தான் ஆலங்காட்டு விலங்குகள் தூது அனுப்பின. காட்டின் ஒரே குளம் வற்றிக்கொண்டிருந்தது. அதற்கு வரும் ஓடை வடக்கே, சீன மலையில் பிறந்தது. அங்கே பாண்டாக் கரடிகள் தங்கள் மூங்கில் தோப்புக்காக ஓடையை மறித்து வைத்திருந்தன.

"மடையைக் கொஞ்சம் திறக்கச் சொல்லிக் கேட்டு வா. இல்லாவிட்டால் குளம் இந்தக் கோடையைத் தாங்காது" என்றது யானை. மொழிபெயர்க்க, ஆண்டுதோறும் மலை தாண்டி வந்துபோகும் வரித்தலை வாத்து கூடச் சென்றது.

பாண்டாத் தலைவர் வென் விருந்து வைத்தார். மூங்கில் குருத்து. நரிக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் இலையில் மிச்சம் வைப்பது சமைத்தவரை அவமதிப்பது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நரி அது. கண்ணை மூடிக்கொண்டு வழித்து உண்டது. வென் உடனே இலையை நிரப்பினார். நரி மறுபடி வழித்தது.

வாத்து காதோடு சொன்னது: "நரியாரே, கொஞ்சம் மிச்சம் வையுங்கள். இங்கே காலி இலை என்றால், போட்டது போதவில்லை என்று பொருள்."

"மொழிபெயர்க்கத்தான் உன்னை அழைத்து வந்தேன், எனக்குப் பந்தியில் உட்காரக் கற்றுக்கொடுக்க அல்ல" என்றது நரி. "பார், எத்தனை அன்பாகப் போடுகிறார்! இந்த அன்பு மடையையும் திறக்கும்."

குளிர்காலத்துக்கென்று சேர்த்த குருத்தும் பந்திக்கு வந்தது. அதுவும் தீர்ந்தது. வயிறு தரையைத் தொட, நரி தண்ணீர்ப் பேச்சை எடுத்தது.

வென் தம் மக்களை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் தலை குனிந்திருந்தார்.

"ஒரு விருந்தாளியின் பசியையே எங்களால் ஆற்ற முடியவில்லை. ஒரு காட்டின் தாகத்தை ஆற்றுவதாக எந்த முகத்தோடு வாக்களிப்பது? யோசித்துச் சொல்கிறோம்" என்றார்.

"யோசிப்பதாகச் சொல்லிவிட்டாரே" என்று நரி மகிழ்ந்தது.

"முடியாது என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்" என்றது வாத்து.

நரியின் வால் தாழ்ந்தது. "எனக்குப் பசியே இல்லை என்று இப்போது சொல்லிவிடேன்."

"இத்தனை இலைக்குப் பிறகா?"

சீனாவோடு உறவாடப் போகும் எந்த நாடும் தன் கோரிக்கையை எடுத்துரைக்கும் முன் அந்த மக்களின் வழக்கத்தைப் படித்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டு மரியாதை அடுத்த வீட்டில் அவமரியாதையாகிவிடும்.

அந்தக் கோடையில் ஆலங்காட்டுத் தவளைகள் வேறு குளம் தேடிப் போய்விட்டன.