பவளாயி வரிசையை மறித்த நாள்

அந்தக் காலத்தில் எறும்புகளும் வாய்விட்டுப் பேசும். ஆனால் வரிசையில் மட்டும் பேசாது. தலையைக் குனிந்தால் குனிந்ததுதான். எதிரே வருவது அண்ணனா தம்பியா என்றுகூடப் பார்க்காது. நின்றால் கூடு பட்டினி என்பது மேஸ்திரி கட்டையன் வைத்த சட்டம்.

அந்தக் கூட்டில் பவளாயி என்றொரு தாய். அவள் மகன் செங்கான், வறண்ட வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கரும்பாலையில் வெல்லம் உடைக்கப் போனவன், கோடை முழுக்க வீடு திரும்பவில்லை. இன்றைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தான்.

காலையிலேயே பவளாயியின் ஒடிந்த கால் விண்விண்ணென்று தெறித்தது. அது வலித்து மழை வராமல் போனதே இல்லை.

"மேஸ்திரி, வாய்க்கால்ல தண்ணி வந்துரும். எம்மவனுக்கு ஆள் அனுப்புங்க."

"வானம் வெளேர்னு கெடக்கு. உன் காலுக்காக வரிசையை நிறுத்தணுமா? அவன் என்ன சின்னப்புள்ளையா? மீசை மொளைச்ச ஆளு!"

"மீசை மொளைச்சா நனையாதா?"

பவளாயி நொண்டிக்கொண்டே கிளம்பிவிட்டாள். எதிரே எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே சுமை. மகன் எவன்? முதலில் வந்தவனை மறித்து, தலையில் நீண்ட உணர்மீசையால் முகத்தைத் தடவினாள்.

"நீ செங்கானா?"

"இல்ல."

"அவனைப் பாத்தியா?"

"யார் முகத்தைப் பாத்தேன், சொல்றதுக்கு?"

"சரி, மழை வருது. உனக்கு எதிர்ல வர்றவங்களை நிறுத்திச் சொல்லு, வாய்க்கால்ல இறங்க வேணாம்னு."

பின்னால் கட்டையன் கத்தினான். அவள் அடுத்த முகத்தைத் தடவினாள். அதற்கடுத்ததையும்.

வாய்க்காலின் நடு மணலில், வெல்லக் கட்டிக்கு அடியில் குனிந்து வந்த ஒருவன் ஒதுங்கிப் போகப் பார்த்தான். மறித்துத் தடவினாள். நெற்றியில், சின்னதில் முள் குத்திய தழும்பு.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க, விடும்மா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"பொய். எளச்சுப் போயிருக்க. சுமையைப் போட்டுட்டு ஓடு."

"ஒரு கோடை உழைப்பும்மா!"

"போடுன்னு சொல்றேன்ல!"

மேற்கே இரைச்சல் கேட்டது. செங்கான் வெல்லத்தைப் போட்டான். ஓடவில்லை, அம்மாவைத் தூக்கிக்கொண்டான். கரையேறித் திரும்பியபோது வெல்லம் செந்தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

கரையில் வரிசை முழுக்க நின்றிருந்தது. ஒருத்தரையும் வெள்ளம் கொண்டுபோகவில்லை. கட்டையன் மெல்ல வந்து, செங்கானின் முகத்தைத் தடவிப் பார்த்தான்.

"சாப்ட்டியாப்பா?" என்றான்.

அன்று முதல்தான், எவ்வளவு அவசரமானாலும், எறும்புகள் எதிரே வருபவரை ஒரு நொடி நிறுத்தி, முகம் தடவிவிட்டுப் போகின்றன.