அன்புள்ள லேட் அவர்களுக்கு

பொள்ளாச்சியில், டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது, காவி கிடையாது. வயது முப்பத்தொன்று, பெயர் செண்பகவல்லி. முன்பின் தெரியாதவர்களுக்கு மின்னஞ்சல் போட்டு வியாபாரம் பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார். மடத்தில் மின்விசிறி ஒன்று, கம்ப்யூட்டர் மூன்று, சீடர் ஒருவர்.

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. பெயர் ரங்கதுரை. தேங்காய் நாரில் கால்மிதியடி செய்கிற பட்டறை வைத்திருந்தார். ஆறு தறியில் நான்கு நின்றுபோயிருந்தன. ஆவணி பிறப்பதற்குள் ஆர்டர் வராவிட்டால் மீதி இரண்டையும் நிறுத்த வேண்டும். பதினொரு பெண்களைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மாதம் குருவிடம் உட்கார்ந்து கடிதம் எழுதக் கற்றார். நல்ல கடிதம்தான். குருவே இரண்டு தரம் படித்துவிட்டுத் தலையாட்டினார். அவர் லேசில் தலையாட்டுகிற ஆள் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை சீடர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்தார்.

"அம்மணி, பட்டியல் கிடைச்சுப்போச்சு! கல்யாண மண்டபம், லாட்ஜு, ஆஸ்பத்திரி, எல்லா ஓனர் பேரும் மெயிலும் இருக்குது. பன்னண்டாயிரம் பேரு!"

"எங்க புடிச்சீங்க?"

"தெரிஞ்சவர் ஒருத்தர் குடுத்தாருங்க. சங்கத்து விழா மலரு, விசிட்டிங் கார்டு, எல்லாத்துல இருந்தும் கம்ப்யூட்டரே உருவி எடுத்ததாம். அனுப்பிப்போடட்டுங்களா?"

"சுத்தம் பண்ணியாச்சா?"

ரங்கதுரை தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையை இல்லீங்க ஐயா. பட்டியலை."

"அது என்னத்துக்குங்க? பன்னண்டாயிரத்துல ஆயிரம் பேரு இல்லாமப் போனாத்தான் என்ன? போற மெயில் போவுது, போவாதது திரும்பி வருது. தபால்தலையா ஒட்டறோம்?"

குரு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பட்டியலிலிருந்து பொள்ளாச்சி விலாசமாக இருபதைப் பொறுக்கினார். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அவரவர் பெயரைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொண்டது. அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, சீடர் கையில் கொடுத்தார்.

"இதைக் கையோட கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. அப்புறம் பன்னண்டாயிரத்தையும் நீங்களே அனுப்பிக்கலாம். நான் குறுக்க நிக்கமாட்டேன்."

இவ்வளவுதானா என்று ரங்கதுரை மொபெட்டை எடுத்தார்.

முதல் விலாசத்தில் லாட்ஜை இடித்துவிட்டுப் பெட்ரோல் பங்க் கட்டியிருந்தார்கள். இரண்டாவது விலாசத்தில் பூட்டிய கேட்டும் ஒரு நாயும் இருந்தன. நாய் மட்டும் மிகுந்த ஆர்வம் காட்டியது.

மூன்றாவது, டாக்டர் எம். கனகசபாபதியின் ஆஸ்பத்திரி. டாக்டர் உறையைப் பிரித்தார். 'அன்புள்ள எம் அவர்களுக்கு' என்றிருந்தது.

"எம்முன்னா யாருங்க?"

"நீங்கதானுங்க டாக்டர்."

"எம்முன்னா எங்கப்பா முத்தையன். நான் கனகசபாபதி. நீங்க எங்கப்பாவையா பாக்க வந்தீங்க?"

ரங்கதுரை அசடு வழிந்துகொண்டு வெளியே வந்தார். ஏழாவது உறை டாக்டரின் கிளினிக்குக்கு. அங்கேயும் அதே டாக்டர், அதே எம். பன்னிரண்டாவது உறை ஒரு வீட்டுக்கு. கதவைத் திறந்தது யார் என்று பார்த்ததும் ரங்கதுரைக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"இன்னும் எத்தனை வெச்சிருக்கீங்க?" என்றார் டாக்டர். "மொத்தமாக் குடுத்துப்போடுங்க. நானும் சாப்பிடணுமில்ல?"

ரங்கதுரையின் கண்ணெதிரிலேயே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, மிதியடிக்காரர் யாராவது வந்தால் கேட்டிலேயே நிறுத்தச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரிக்கு எட்டு வாசல். ரங்கதுரை காலையிலேயே எண்ணி வைத்திருந்தார்.

கடைசி உறை, மருதாசலம் திருமண மண்டபம். மண்டபத்தை ஒட்டியே வீடு. ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். உறையை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாய்விட்டுப் படித்தார்.

"அன்புள்ள லேட் அவர்களுக்கு..."

ரங்கதுரை கடிதத்தை எட்டிப் பார்த்தார். விழா மலரில் 'லேட் மருதாசலம்' என்று போட்டிருந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? முதலில் இருப்பது பெயர் என்று எடுத்துக்கொண்டது.

"தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்." அந்த அம்மாள் திரும்பிச் சுவரைப் பார்த்தார். மாலை போட்ட படத்தில் மருதாசலம் நலமாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அதை இப்படிக் குடுத்துருங்க..."

"இருங்க, படிச்சுக்கறேன்." அவர் விடவில்லை. கடைசி வரிவரை போனார். "ஒரு வாரத்தில் தங்களிடமிருந்து பதில் வராவிட்டால், தாங்கள் இருக்கும் இடத்துக்கு நானே நேரில் வந்து சந்திக்கிறேன்."

கடிதத்தை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"போறதா இருந்தா, வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

ரங்கதுரை கைகூப்பினார். மன்னிச்சுக்கோங்க என்று நாலைந்து தரம் சொன்னார். அந்த அம்மாளுக்கோ சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். கடிதத்தையும் திருப்பித் தரவில்லை, படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சீடர் மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறி வந்தார்.

"எத்தனை போய்ச் சேந்துச்சுங்க?" என்றார் குரு.

"ஆறு. பதினொண்ணுக்கு ஆளே இல்ல. மூணை டாக்டர் ஒருத்தரே வாங்கிட்டாரு."

"டாக்டருக்கு மிதியடி வேணுமா?"

"எட்டு வாசலுக்கும் வேணும். ஆனா கேட்டுல என்னை விடமாட்டாங்க."

"மெயிலுக்கும் ஒரு வாட்ச்மேன் இருக்கானுங்க ஐயா. காலி வீடாப் பாத்து தட்டிக்கிட்டே இருந்தா, இந்தாளு சரியில்லைன்னு குறிச்சு வெச்சுக்குவான். அப்புறம் ஆள் இருக்கிற வீட்டுக்கு நீங்க எழுதினாலும் குப்பையிலதான் போடுவான்."

"அப்ப நேத்து நான் பன்னண்டாயிரத்தையும் தட்டி விட்டிருந்தா?"

"இந்த வருசம் உங்க கடுதாசி ஒருத்தர் கண்ணுலயும் பட்டிருக்காது."

ரங்கதுரை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பட்டறைப் பெண்கள் பதினொரு பேரின் முகமும் அவருக்கு முன்னால் வந்து நின்றது. பயந்துபோனார் மனிதர்.

அன்றே ஆரம்பித்தார். எழுத்துப்பிழையான விலாசங்களை எடுத்தார். இரட்டிப்புகளை எடுத்தார். இழுத்து மூடிய கடைகளை எடுத்தார். முதல் நாள் ஒவ்வொரு பெயரை அழிக்கும்போதும், வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்ததுபோல "அய்யோ" என்றார். இரண்டாம் நாள் அய்யோ நின்றுவிட்டது. மூன்றாம் நாள் அதிலே ஒரு ருசியே வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் தூக்கு, சந்தேகம் வராவிட்டாலும் தூக்கு என்று பட்டியலில் புகுந்து விளையாடினார்.

வியாழக்கிழமை மத்தியானம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூப்பிட்டார்.

"அம்மணி, வந்து பாருங்க. நாலாயிரத்து நூத்திப் பன்னண்டு. பளிச்சுன்னு இருக்குது. இப்பவாவது அனுப்பட்டுங்களா?"

குரு பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டினார்.

"லேட்டைக் காணோமே?"

"அதைத்தான் மொத வேலையாத் தூக்கினேன். செத்தவருக்கு என்னத்துக்குங்க மிதியடி?"

"அந்த வீட்டு வாசல்ல மிதியடி கிடந்துச்சா?"

ரங்கதுரையின் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "அதை ஏன் கேக்கறீங்க! நடுவுல ஓட்டை, ஓரமெல்லாம் நார் பிஞ்சு தொங்குது. மண்டபத்து நாலு வாசல்லயும் அதே கதிதான். பாக்கவே மனசுக்குச் சங்கடமா இருந்துச்சு."

"மண்டபத்தை இப்ப யாரு பாத்துக்கறாங்க?"

"அந்தம்மாதானுங்க. சாவிக்கொத்து அவங்க இடுப்புலதான் தொங்குச்சு."

"மண்டபத்துக்கு வர்ற மெயிலை?"

"அதுவும் அவங்கதான் பாக்கறாங்களாம். பேச்சுவாக்குல சொன்னாங்க."

"காப்பி குடுத்தாங்களா?"

"ரெண்டு டம்ளருங்க. நல்ல திக்கான காப்பி."

குரு அந்த வரியை மீண்டும் பட்டியலில் சேர்த்தார். பெயர் இருந்த இடத்தில் 'லேட்' என்பதை மட்டும் அழித்தார். கீபோர்டு மேல் விரல்களை வைத்துக்கொண்டு சீடரைப் பார்த்தார்.

"சொல்லுங்க. அந்தம்மா பேரு என்னங்க?"

"அதைக் கேக்காம வந்துட்டேனுங்க" என்றார் ரங்கதுரை. பிறகு மேசைமேல் கிடந்த மொபெட் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.