ஒரு கையில் மட்டும் தின்ற நாய்

ராஜாக்கள் இருந்த காலம். ராஜாக்களுக்குக் கோட்டையும், கோட்டைக்குக் கதவும், கதவுக்குக் காவலும் இருந்த காலம். அந்தக் காலத்தில் முள்ளிக்கோட்டை என்று ஒரு கோட்டை இருந்தது. கேட்கிறீர்களா? நடுவில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள். இது எழுந்து எழுந்து போன ஒருவனுடைய கதை.

அந்தக் கோட்டையின் வடக்கு வாசலுக்குக் கொற்றன் என்பவன் காவல் தலைவன். ஆள் நெட்டை, முறுக்கு மீசை, பயமா, அது என்ன விலை என்று கேட்கிறவன். பகைவனின் யானை வந்து கதவை முட்டியபோது எல்லாரும் ஓடினார்கள், அவன் நின்றான். அகழி பொங்கி வெள்ளம் வந்தபோது எல்லாரும் ஓடினார்கள், அவன் நின்றான். கொள்ளைநோய் வந்து ஊரே காலியானபோதும் அவன் நின்றான். நிற்பதற்கென்றே பிறந்தவன் என்று ராஜாவே அவனைச் சொல்லுவார்.

அவனோடு ஒரு நாயும் நிற்கும். செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி. அதனால் அதன் பெயரும் சுட்டி. பெட்டை நாய்தான், ஆனால் ஆண்நாய் நாலைத் தனியாகச் சமாளிக்கும்.

முள்ளிக்கோட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. காவல் நாயைக் குட்டியிலிருந்தே ஒரே ஒருவர் கையில் மட்டும் தின்னப் பழக்குவார்கள். பகைவன் கறித்துண்டில் விஷத்தைத் தடவி மதிலுக்கு இந்தப் பக்கம் வீசிவிட்டால் என்ன செய்வது? அதற்காக அந்த ஏற்பாடு. வேறு யார் கையை முகர்ந்தாலும் மூக்கில் ஒரு தட்டு விழும். தண்ணீர் மட்டும் கல்தொட்டியில் தானாகக் குடிக்கலாம். சோறு என்றால் அந்த ஒரு கைதான்.

சுட்டி இதில் கெட்டி. கொற்றனின் மனைவி வெண்ணி அதே வீட்டில்தான் ஒன்பது வருஷமாகச் சமைத்தாள், அதற்கும் சேர்த்துத்தான் சமைத்தாள். ஆனாலும் அவள் நீட்டிய ஒரு பருக்கையை அது தொட்டதில்லை. கொற்றனுக்கு இதில் பெருமை தாங்காது. யாராவது வீட்டுக்கு வந்தால் வெண்ணியைக் கூப்பிட்டுக் கறித்துண்டை நீட்டச் சொல்லுவான். சுட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வந்தவர்கள் கைதட்டுவார்கள். கொற்றன் எங்கே போனாலும் அதுவும் கூடவே போனதால், ஒரு நாளும் அது பட்டினி கிடந்ததில்லை.

ஒன்பதாம் வருஷம் தை மாதத்தில் சுட்டி சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மறுநாள் வாந்தி எடுத்தது. வாந்தியில் ரத்தம் இருந்தது. அதைக் கொற்றன் பார்த்தான். யானைக்கு முன்னால் எதையும் பிடிக்காமல் நின்றவன் அவன். அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

குதிரை லாயத்து வைத்தியர் வந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். உள்ளே கட்டி இருக்கிறது, அது கரையாது என்று மறைக்காமல் சொன்னார். வலி தெரியாமலிருக்க ஒரு இலைச்சாறு கொடுத்து, காலையும் மாலையும் கஞ்சியில் கலந்து ஊட்டச் சொன்னார். எத்தனை நாள் என்று வெண்ணி கேட்டாள். அரை மாதம், கொஞ்சம் கூடவும் இருக்கலாம் என்றார்.

கொற்றன் அந்தச் சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. குதிரை பார்க்கிற ஆளுக்கு நாயைப் பற்றி என்ன தெரியும் என்றான். வடக்கு மலையில் வேர் கொடுக்கிற மருத்துவச்சி ஒருத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். அப்போதே கிளம்பினான். உங்கள் கையில்தானே சாப்பிடும் என்று வெண்ணி பின்னாலேயே வந்து சொன்னாள். பசித்தால் யார் கையிலும் சாப்பிடும் என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான். ஒன்பது வருஷம் மூக்கில் தட்டிப் பழக்கியவன் சொன்ன பேச்சு இது.

மலைக்குப் போய்த் திரும்ப மூன்று நாள் ஆயிற்று. போகிற வழியெல்லாம் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. திரும்புகிற வழியில்தான் பயம் பிடித்துக்கொண்டது. கோட்டைக்கு முன்னால், அவன் வீட்டை ஒட்டி, ஓர் ஏரி. அதன் கரையில் நின்றாலே சுட்டி அவனை மோப்பம் பிடித்துக் குரைத்துவிடும். கரையில் நின்றான். குரைக்குமா, குரைக்காதா? இரண்டு முறை குரைத்தது. அதைக் கேட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

வீட்டில் சுட்டி இளைத்துப் போயிருந்தது. அவன் கையால் கொடுத்ததும் கஞ்சியைக் குடித்தது, அரைத்த வேரையும் நக்கியது. பிறகு தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. இந்தக் கண் மூடிவிட்டால், இந்தக் கண் மூடுவதை நான் பார்க்க வேண்டி வந்தால் என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்க அவனால் முடியவில்லை. கடற்கரையில் சங்குப் பொடி கொடுக்கிற ஒருவர் இருக்கிறாராம் என்று வெண்ணியிடம் சொன்னான். சொல்லும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

சுட்டியையும் தூக்கிக்கொண்டு போகக்கூடாதா என்கிறீர்களா? வெண்ணியும் அதைத்தான் கேட்டாள். வழியில் குலுங்கினால் வலிக்கும் என்றான். அது உண்மைதான். சொல்லாத உண்மை இன்னொன்றும் இருந்தது.

கடற்கரைக்குப் போய்த் திரும்பவும் மூன்று நாள். மறுபடி ஏரிக்கரையில் நின்றான். இந்த முறை குரைப்பு வர நேரமாயிற்று. அந்த நேரத்துக்குள் அவன் மனதுக்குள் ஒரு குழியே வெட்டிவிட்டான். கடைசியில் ஒரே ஒரு முறை, கம்மிய குரலில் குரைத்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

சுட்டிக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. இந்த மூன்று நாளும் வெண்ணிதான் அதைக் கல்தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் காட்டியிருந்தாள். சோற்றை ஊட்டப் பார்த்தாள், பல்லை இறுக்கிக்கொண்டது. கஞ்சியை ஊற்றிப் பார்த்தாள், வாயோரமாக வழிய விட்டது. அவன் கைப்பட்ட துணியில் தன் கையை மறைத்துக்கொண்டு நீட்டியும் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. மருந்தும் உள்ளே போகவில்லை. வலியில் முனகிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடியே கிடந்தது.

இதையெல்லாம் அவள் சொல்ல, அவன் சங்குப் பொடியைக் கஞ்சியில் கலக்கி ஊட்டினான். சுட்டி குடித்தது. குடித்துவிட்டு அவன் மணிக்கட்டின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. அவன் கையை மெல்ல உருவிக்கொண்டான். மேற்கே காட்டில் ஒரு முனிவர் இருக்கிறாராம், தொட்டாலே நோய் போய்விடுமாம், போக வர ஐந்து நாள்தான் என்றான்.

வெண்ணி அதுவரை குரலை உயர்த்தாதவள். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"நீங்க மருந்து தேடியா போறீங்க? அது சாகிறதப் பாக்கப் பயந்துகிட்டுப் போறீங்க. எனக்கும்தான் பயமா இருக்கு. நான் எங்கே போவேன்?"

கொற்றனுக்குச் சுருக்கென்றது. தன்னைப் பார்த்துப் பயந்தவன் என்று யாரும் சொன்னதில்லை. அவள் கட்டி வைத்திருந்த கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான்.

நடுப்பகலில் ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தான். முதல் உருண்டையை உருட்டி வலது பக்கம் நீட்டினான். ஒன்பது வருஷப் பழக்கம், கை தானாக நீண்டுவிட்டது. வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

நீட்டிய கையை மடக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். உலகத்தில் சுட்டிக்குச் சோறு கொடுக்கக்கூடிய கை இது ஒன்றுதான். அந்தக் கை இங்கே, ஒரு காத தூரத்தில், மரத்தடியில் இருந்தது. சுட்டி பட்டினியில் கிடந்தது. வலியில் கிடந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நோய் செய்ததில் பாதியை நான் செய்திருக்கிறேன் என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் சோற்றை அப்படியே வைத்தான். எழுந்து, வந்த வழியே ஓடினான்.

மூன்றாம் முறை ஏரிக்கரையில் நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காது கொடுத்துக் கேட்டான். குரைப்பு இல்லை. கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். அப்போதும் இல்லை.

அப்போது அவன் பட்ட பயத்தை எப்படிச் சொல்வது? கால் இரண்டும் மேற்கே திரும்பப் பார்த்தன. இப்படியே காட்டுக்குப் போய்விட்டால் என்ன? யாரும் குறை சொல்லப் போவதில்லை. நாய்க்காக ஐந்து நாள் அலைந்தான், எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று மெச்சத்தான் செய்வார்கள். செத்துப் போயிருந்தால் வெண்ணியே புதைத்துவிடுவாள், தான் பார்க்க வேண்டியிருக்காது. ஒன்றும் பார்க்காமலே எல்லாம் முடிந்துவிடும்.

அவனுக்கு முன்னால் யானை இல்லை, வெள்ளம் இல்லை, நோய் பிடித்த ஊர் இல்லை. நூறு அடி தூரத்தில் அவன் வீட்டுக் கதவுதான் இருந்தது. அந்த நூறு அடியை நடக்கும்போது அவனுக்குப் பல் கிட்டித்துப் போயிற்று. அழுதுகொண்டே நடந்தான் என்றும் சொல்லுவார்கள்.

சுட்டிக்கு உயிர் இருந்தது. குரைக்கத்தான் தெம்பில்லை. அவனைக் கண்டதும் வால் நுனி மட்டும் இரண்டு தரம் தரையில் தட்டியது. கொற்றன் அப்படியே பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தான். முனிவர் எங்கே, மருந்து எங்கே என்று வெண்ணி கேட்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

அன்றிலிருந்து பதினோரு நாள் அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ராஜாவிடம் வெண்ணியே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வடக்கு வாசலை வேறு ஆள் பார்த்துக்கொண்டான். லாயத்து வைத்தியரின் அதே இலைச்சாறுதான், காலையும் மாலையும் கஞ்சியில் கலந்து, அவன் கையால் ஊட்டினான். வலி அடங்கியது, முனகல் நின்றது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தான், ஈ ஓட்டினான், புண் படாமல் புரட்டிப் படுக்க வைத்தான்.

பயம் விட்டுவிட்டதா என்றால், இல்லவே இல்லை. ஒவ்வொரு மூச்சையும் இதுதான் கடைசி என்று நினைத்தான். மூச்சு சற்று நின்றால் குனிந்து பார்ப்பான். வயிறு ஏறி இறங்குவதைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொள்ளுவான். ஒருநாள் வெண்ணியிடம், "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு வெண்ணி" என்று சொல்லியே விட்டான். வாழ்க்கையில் முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொன்னான். அவள் அவனை ஒட்டி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவனுடைய பயம் போகவில்லை. ஆனால் சுட்டியின் பயம் போய்விட்டது. அவன் வந்த பிறகு அது வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டது. அவன் தொடையில் தலையை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கியது.

பதினோராம் நாள் காலை, வெயில் ஏறும் நேரம். கொற்றன் விரலில் தொட்டு வைத்த கஞ்சியைச் சுட்டி ஒரு தரம் நக்கியது. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டது. அடுத்த மூச்சு வருமென்று அவன் காத்திருந்தான். வரவில்லை. கண்களை அவனே மூடிவிட்டான்.

இதைப் பார்த்தால் செத்தே போய்விடுவேன் என்று பயந்தவன் அவன். பார்த்தான், சாகவில்லை. இத்தனை நாளாக நெஞ்சைப் பிடித்து அழுத்திய பயம் எங்கோ போய்விட்டது, துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக் கொல்லையில் அவனே குழி வெட்டி அதைப் புதைத்தான். வெண்ணி ஒரு கை மண்ணைப் போட்டாள்.

அன்றைக்கு முழுவதும் இருவரும் கொல்லையில் உட்கார்ந்து சுட்டியைப் பற்றியே பேசினார்கள். பயத்தோடு இருந்தபோது அவனால் அதன் பெயரைக்கூடச் சொல்ல முடிந்ததில்லை. இப்போது பேசப் பேச வந்தது. ராஜாவுக்குக் குடை பிடிக்கிறவனைத் திருடன் என்று நினைத்து அது அகழி வரைக்கும் துரத்திய கதையைச் சொல்லும்போது இருவருமே சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"அந்த ஆறு நாள்," என்றான். "ஆறு நாள் அது எனக்காகப் பாத்துகிட்டே கிடந்துச்சு."

வெண்ணி பொய் சொல்லித் தேற்றுகிறவள் இல்லை. "ஆமா. அந்த ஆறு நாள் போனது போனதுதான்," என்றாள். அவன் பக்கம் திரும்பி, "பதினோரு நாள் இருந்தீங்க. அதுவும் இருந்ததுதான்," என்றாள்.

கொற்றன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் தடுக்கவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு வேல்கம்பை எடுத்துக்கொண்டு வடக்கு வாசலுக்குப் போனான். எல்லாரும் பார்க்கும்படி கண் சிவந்து வீங்கியிருந்தது. அதை அவன் மறைக்கவில்லை.

கேட்டீர்களா? பிரியமான உயிர் நோயில் கிடக்கும்போது, எவ்வளவு பயமாக இருந்தாலும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும்.