எட்டாவது சுற்று

"ஏனுங் டீச்சர், அந்த ஆள் பாதியில விட்டுட்டுப் போனான்?"

திருமூர்த்தி கேட்டார். கையில் கிளாரினெட். முகத்தில் தூக்கமில்லை.

ஷெரில் டீச்சர் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்த ஆள்?"

"பழைய இசைத்தட்டுல கிளாரினெட் வாசிக்கற ஆளுங்க."

போத்தனூரில் ரயில்வே காலனியை ஒட்டி ஒரு பழைய நடனக்கூடம். ஞாயிறு மதியம் அங்கே ஒரு ஸ்விங் பேண்டு கூடும். ட்ரம்பெட், சாக்ஸபோன், ட்ராம்போன், டிரம்ஸ் என்று பன்னிரண்டு பேர். தாத்தா காலத்து அமெரிக்க நடன இசை. யாரும் எழுதி வைத்துப் பார்த்து வாசிக்கக் கூடாது. அந்தக் காலத்து இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். டீச்சர் வைத்த சட்டம்.

டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். திருமூர்த்திக்கு அதற்கு மேல் இருபது. டவுன் ஹால் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடையில் முதலாளி. இங்கே சீடர்.

மூன்று வருடமாகக் கேட்டு வந்து, இந்த வருடம் வாசிக்க எடுத்துக்கொண்ட தட்டில் பெயரெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. யார் குழு, யார் வாசித்தது, ஒன்றும் தெரியாது. பாட்டின் நடுவில் கிளாரினெட்டுக்குத் தனி வருகிறது. மற்றவர்கள் அடங்கிக்கொள்ள, ஒருவர் மட்டும் முன்னால் வந்து வாசிக்கும் இடம். எட்டுத் தாளச் சுற்று அவனுக்கு. அவன் ஏழில் நிறுத்திவிடுகிறான். எட்டாவது சும்மா போகிறது. அப்புறம் ட்ரம்பெட் இடி மாதிரி இறங்குகிறது.

"மூச்சு முட்டிப்போச்சுங்களா அவனுக்கு?"

"இல்ல."

"மறந்துட்டானுங்களா?"

"தட்டைக் கேட்டுப் பாருங்க."

"ஆயிரம் தடவை கேட்டாச்சுங்க."

"அப்ப ஆயிரம் தடவையும் வேற எதையோ கேட்டிருக்கீங்க."

டீச்சர் அடுத்த நாற்காலியை இழுத்தார்.

திருமூர்த்தி விடவில்லை.

"அவன் விட்டதை நான் முடிச்சு வச்சிருக்கேனுங்."

"அப்படியா?"

"கேக்கறீங்களா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கிளாரினெட்டை வாயில் வைத்தார். அந்த ஒரு சுற்றை வாசித்தார். ஒரே ஒரு சுற்று. மேலே ஏறி, கொஞ்சம் தயங்கி, பக்கவாட்டில் நழுவி, வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ட்ரம்பெட் ஜாபர் வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான். அங்கிருந்தே விசிலடித்தான்.

"அண்ணே! யாரு கிட்ட சுட்டீங்க?"

"நானே செஞ்சதுடா."

டீச்சர் நாற்காலியைக் கீழே வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல முடியாது.

"எத்தனை நாள் வேலை?"

"மூணு வருசமுங்க. லென்ஸ் தேய்க்கறப்ப எல்லாம் இதேதான் மண்டைக்குள்ள. என் சம்சாரம் இருக்காளே, எதை வாசிச்சாலும் காதுல போட்டுக்க மாட்டா. இதைக் கேட்டுட்டு அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னாளுங்க."

டீச்சர் சிரித்தார்.

"டீச்சர், நான் வாழ்நாள் பூரா செஞ்சதெல்லாம் அடுத்தவன் கண்ணுக்கு ஏத்த மாதிரி செஞ்சதுங்க. எனக்குன்னு செஞ்சது இந்த ஒரு சுத்துதான். அடுத்த வாரம் பதிவுல இது இருக்கணுமுங்க."

பதிவு என்றால் அவர்களுக்குத் திருவிழா. வருடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு பாட்டு. அதையும் அந்தக் காலத்து வழியில்தான் செய்வார்கள். கூடத்தின் நடுவில் ஒரு மைக். பன்னிரண்டு பேருக்கும் அது ஒன்றுதான். தனி வாசிக்கிறவர் நாற்காலியை விட்டு எழுந்து மைக் முன்னால் வந்து வாசிக்க வேண்டும். பாட்டு முழுசும் ஒரே மூச்சில். வெட்டி ஒட்டுகிற வேலை கிடையாது. தேறியதைத் தட்டாக அடித்து ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

"வாசிக்கலாமுங்களா டீச்சர்?"

"ஏழு சுத்து அவன் சொல்லிக் கொடுத்துட்டான். எட்டை நீங்களே பார்த்துக்கங்க."

அனுமதி என்று எடுத்துக்கொண்டார் திருமூர்த்தி.

அடுத்த ஞாயிறு. சலவைச் சட்டை போட்டு வந்தார்.

பாட்டு கிளம்பியது. தனி வந்தது. எழுந்தார், மைக் முன்னால் நின்றார், ஏழு சுற்றையும் வாசித்தார். எட்டையும் வாசித்தார். கடைசி ஸ்வரத்தை விட மனசில்லாமல் இழுத்து முடித்தார். பின்னாலிருந்து ட்ரம்பெட் கிளம்பியது.

பாட்டு முடிந்தது. டீச்சர் பதிவைப் போட்டுக் காட்டினார்.

திருமூர்த்தி கண்ணை மூடிக் கேட்டார். எட்டாவது சுற்று மணியாக விழுந்திருந்தது.

"எப்படிங்க?"

ஜாபர் தன் ட்ரம்பெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னொரு தரம் கேளுங்க," என்றார் டீச்சர்.

கேட்டார். அப்போதும் மணியாகத்தான் இருந்தது.

"அண்ணே," என்றான் ஜாபர். "என்னை எங்கண்ணே காணோம்?"

"உன்னையா?"

"கெணத்துல விழுந்த தவளையாட்டம் கேக்குதே, அது நாந்தான்."

மூன்றாம் தரம் போட்டார்கள். ஜாபர் சொன்னது சரி. இடி மாதிரி இறங்க வேண்டிய ட்ரம்பெட், போர்வைக்குள்ளிருந்து முனகியது. மைக் முன்னால் திருமூர்த்தியின் முதுகு. ஜாபர் அந்த முதுகில்தான் ஊதியிருந்தான்.

"அட, இதுக்கா?" என்றார் திருமூர்த்தி. "இன்னொரு மைக் வச்சுட்டாப் போச்சுங்க. நான் வாங்கித் தாறேன்."

"ஒண்ணுதான்," என்றார் டீச்சர்.

"அப்ப ஜாபர் முன்கூட்டியே வந்து பக்கத்துல நிக்கட்டுமுங்க."

"நிக்கட்டும்."

நின்றான். இரண்டு பேரும் ஒரு குடைக்குள் நிற்கிற மாதிரி மைக்கைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எட்டாவது சுற்று முடியுமுன் ஜாபர் ட்ரம்பெட்டைத் தூக்கினான். ஊதினான். திருமூர்த்தியின் கிளாரினெட் பன்றிக்குட்டி மாதிரி கத்தியது.

"காதுக்குள்ள ஊதிட்டியேடா, பாவி!"

"பின்ன எங்கண்ணே ஊதறது? மிச்சமிருந்த எடம் உங்க காது ஒண்ணுதான்."

கூடமே சிரித்தது. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தரமுங்க," என்றார் திருமூர்த்தி. "நான் வாசிச்சு முடிச்ச கையோட தாவிடறேன்."

தாவினார். மைக் கம்பம் கூடவே தாவியது. ட்ராம்போன்காரர் பிடித்திராவிட்டால் அந்த ஒரு மைக்கும் போயிருக்கும்.

டீச்சர் எழுந்தார்.

"டீ குடிச்சுட்டு வரலாம்."

எல்லோரும் போனார்கள். திருமூர்த்தி போகவில்லை.

வெறும் கூடத்தில் மைக் முன்னால் நின்றார். வாயால் முனகிக்கொண்டே ஏழு சுற்றையும் ஓட்டினார். நிறுத்தினார். தாளத்தை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டு தன் நாற்காலிவரை நடந்தார். உட்கார்ந்தார்.

தாளம் எங்கே வந்து நிற்கிறது?

புருவம் சுருங்கியது. எழுந்தார். இந்தத் தடவை ஜாபரின் நாற்காலியிலிருந்து மைக்வரை நடந்து பார்த்தார். தட்டிக்கொண்டே நடந்தார். திரும்பவும் போய்த் திரும்பவும் நடந்தார். பூனை மாதிரி, சத்தம் வராமல், ஒரு ஆள் விலகி இன்னொரு ஆள் வந்து நிற்பதற்கு ஆகும் நேரம்.

ஒரு சுற்று.

மூலையிலிருந்த பழைய தட்டைப் பார்த்தார்.

"அடேய்," என்றார். "நீ நிறுத்தலையா? நடந்துட்டிருந்தியா?"

வாசலில் டீச்சர் நின்றிருந்தார். கையில் டீ. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"டீச்சர்."

"ம்."

"என்னோட சுத்து நல்லாத்தானுங்களே இருக்குது?"

"ரொம்ப நல்லாருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன். வேணும்னா ட்ரம்பெட்டை எடுத்துடலாம். உங்க எட்டாவது சுத்தோட பாட்டை முடிச்சுக்கலாம். ஜாபர்கிட்டக் கேட்டேன். சரின்னுட்டான்."

திருமூர்த்தி வெளியே எட்டிப் பார்த்தார். ஜாபர் பைக் மேல் உட்கார்ந்து ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவன் ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அண்ணன் ஆசைப்படறார், விடுங்கன்னான்."

டீச்சர் டீயை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்தார்.

எல்லோரும் உள்ளே வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

"ட்ரம்பெட் இருக்கா, இல்லையா?" என்று கேட்டார் டீச்சர்.

"பாட்டை எடுங்க டீச்சர்," என்றார் திருமூர்த்தி. "ஜாபரு, நீ உன் எடத்துல உக்காரு. உன் நேரத்துக்கு வா."

பாட்டு கிளம்பியது. தனி வந்தது. மைக் முன்னால் போனார். ஒன்று, இரண்டு என்று சுற்றுகள் போயின. ஏழும் முடிந்தது.

எட்டாவதின் முதல் ஸ்வரம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. மூன்று வருடம் வளர்த்த பிள்ளை. வாயைத் திறந்தால் ஓடிவிடும்.

விழுங்கினார்.

திரும்பினார். நுனிக்காலில் நடந்தார். எதிரே ஜாபர் நுனிக்காலில் வந்தான். இரண்டு சட்டைகள் லேசாக உரசின. அவ்வளவுதான். திருமூர்த்தி உட்காரவும், மைக் முன்னால் ட்ரம்பெட் இடி மாதிரி இறங்கவும் சரியாக இருந்தது. கூடத்து ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

பாட்டு முடிந்தது. டீச்சர் பதிவைப் போட்டார்.

திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். ஏழாவது சுற்று முடியப்போகும்போது நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். அந்த இடம் வந்தால் போதும், இசைத்தட்டானாலும் சரி, கனவானாலும் சரி, அவர் மண்டைக்குள் அவருடைய சுற்றே ஓடும். மூன்று வருடமாக அதுதான்.

இன்று ஓடவில்லை.

அந்த இடத்தில் ஒரு சத்தம் இருந்தது.

சக், சக், சக், சக்.

யாரோ அவசரமில்லாமல் வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி. வறண்ட, சின்னச் சத்தம். கம்பிச் சத்தம். பாட்டு முழுசும் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மேலே வேறு எந்தச் சத்தமும் இல்லாத அந்த ஒரு சுற்றில் மட்டும் தலை காட்டியது. உடனே ட்ரம்பெட் வந்து மூடிவிட்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க டீச்சர்! என்னங்க அது?"

டீச்சர் மூலைக்குப் போனார். பழைய தட்டை எடுத்து ஓடவிட்டார். அதே இடத்துக்கு முள்ளைக் கொண்டுபோய் வைத்தார்.

கீறல் இரைச்சலுக்கு அடியில், பெயர் தெரியாத எவனோ, எந்த ஊரிலோ.

சக், சக், சக், சக்.

திருமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார்.

"நம்ம பாட்டுல இதை யாருங்க வாசிச்சது?"

அவர் நாற்காலிக்கு நேர் பின்னாலிருந்து குரல் வந்தது. கிட்டார் வேலுச்சாமி. தபாலாபீஸ்காரர். வாரா வாரம் பிளாஸ்கிலிருந்து திருமூர்த்திக்கு டீ ஊற்றிக் கொடுக்கிறவர்.

"நாந்தானுங்க."

திருமூர்த்தி தன் நாற்காலியைத் தூக்கி, பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார். வேலுச்சாமிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எப்ப இருந்துங்க?"

"மொதல்ல இருந்துங்க."