ஆதிமூலத்தின் தலைக்கு வந்த வழக்கு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கரும்பாறை நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு கட்டளை போடுவார். சாயங்காலம் அதை மறந்துவிட்டு, நிறைவேற்றியவனைக் கூப்பிட்டு உதைப்பார். தாம் கண் விழிக்கும் முன் ஊரில் எந்தச் சேவலும் கூவக் கூடாது என்று ஒருமுறை தண்டோரா போட்டவர். அப்படிப்பட்டவரிடம் மந்திரியாக இருந்து தலை தப்பியவர் சேதுராயர் ஒருவர்தான்.

அந்த வருஷம் ஊரில் அம்மை வந்தது. ராஜாவின் ஒரே பிள்ளையும் அதில் போய்விட்டான். துக்கத்தில் கிடந்த ராஜாவிடம் அரசவைப் பிரசங்கி சபாநாதர் வந்து, ராணி மரகதவல்லி ஒரு விரதத்தைப் பாதியில் விட்டதால்தான் தெய்வம் பிள்ளையை எடுத்துக்கொண்டது என்று சொன்னார். ராஜாவுக்கும் கோபித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. ராணியைப் பின்கட்டு மாளிகைக்கு அனுப்பிவிட்டு, அவள் முகத்தில் விழிப்பதையே நிறுத்திக்கொண்டார். சபையில் சேதுராயர் உட்பட ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

கொஞ்ச நாளில் சபாநாதருக்கு ஒரு சங்கடம் வந்தது. அவர் பிரசங்கம் செய்யும் மண்டபத்தில் தூண்கள்தான் மிஞ்சின. கூட்டமெல்லாம் ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. அங்கே ஆதிமூலம் என்று ஒருவன். கோயிலில் பாடிக்கொண்டிருந்தவன், அம்மையில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவன். சாமி என்று ஒன்று இல்லை என்று அவன் வெளிப்படையாகவே சொன்னான்.

சபாநாதர் ராஜாவிடம் ஓடினார். அந்த நாத்திகனின் தலையை வாங்காவிட்டால் நாடே அழிந்துபோகும் என்றார். ராஜாவுக்கோ கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். சாமி இல்லை என்கிறவனிடம் ஜனங்களுக்கு என்ன வேலை? அதைத் தெரிந்துகொண்டு வரும்படி சேதுராயரை அனுப்பினார். சரியான காரணம் கிடைக்காவிட்டால் ஆதிமூலத்துக்குத் தலை இல்லை.

சேதுராயர் தினம் பூஜை செய்யாமல் தண்ணீர்கூடக் குடிக்காதவர். முகம் சுளித்துக்கொண்டேதான் போனார். சாதாரண வேட்டியில் கூட்டத்தோடு உட்கார்ந்தார். ஆதிமூலம் முதலில் ஒரு பாட்டுப் பாடினான். கோயிலில் பாடிய அதே பதிகம்தான். இல்லாத சாமியை ஏன் பாடுகிறாய் என்று ஒரு சலவைக்காரர் கேட்டார். பாட்டு நன்றாக இருக்கிறதே, அதை ஏன் விடவேண்டும் என்றான். சலவைக்காரர் விடாமல் மடக்கினார். ஒரு கட்டத்தில் ஆதிமூலம் சிரித்து, நீங்கள் சொல்வதுதான் சரி, நான் இன்னும் யோசிக்கவேண்டும் என்று ஒத்துக்கொண்டான். தோற்றதற்காக அவன் வாடவில்லை. கூட்டமும் அவனோடு சேர்ந்து சிரித்தது.

அப்போது ஒரு பெண் எழுந்தாள். அவள் ராசிதான் புருஷனைக் கொன்றது என்று மாமியார் வீட்டில் சோறு போடுவதில்லையாம். புருஷன் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள்.

"தெரியாது அம்மா," என்றான் ஆதிமூலம். "தெரிந்ததுபோல உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் இது தெரியும். அவரைக் கொன்றது அம்மை. நீ இல்லை."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சேதுராயர் ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். அவருக்குப் பின்கட்டு மாளிகையின் ஞாபகம் வந்தது.

மறுநாள் ஆதிமூலத்தைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். ராஜா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சாமி இல்லை, பேர் மட்டும் ஆதிமூலமா?"

"பேர் வைக்கும்போது என்னை யாரும் கேட்கவில்லை, மகாராஜா."

ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். "என்ன வைத்திருக்கிறான் இவன்? வசிய மருந்தா?"

"ஒன்றும் வைத்திருக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்கிறான். யாரையும் பயமுறுத்துவதில்லை. நான் சாமி கும்பிடுகிறவன், நாளைக்கும் கும்பிடுவேன். ஆனாலும் இவன் பேச்சைக் கேட்க நாளைக்கும் போவேன்," என்றார் சேதுராயர். பிறகு சபாநாதரிடம் ஒரு சந்தேகம் கேட்க அனுமதி வாங்கிக்கொண்டார்.

"இளவரசர் போனது எதனால், சுவாமி?"

"ராணியார் விரதம் முறித்ததனால்."

"யானைப்பாகன் மகளும் அம்மையில்தான் போனாள். அது எதனால்?"

"அவள் தாயும் எதையாவது முறித்திருப்பாள்."

"அதே அம்மையில் போன உங்கள் தம்பி மகன்?"

"அது... நாடு செய்த பாவம்."

"நாட்டின் தருமத்தைக் காக்கவேண்டியவர் யார்?"

ராஜா சிம்மாசனத்தில் முன்னால் சாய்ந்தார். "சொல்லும் சபாநாதரே. பாவம் என்னுடையதா?"

சபாநாதர் உத்தரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "யாருடைய பாவமும் இல்லை மகாராஜா. அம்மை வந்தது, பிள்ளைகள் போய்விட்டார்கள். அவ்வளவுதான்."

"ஆற்றங்கரையில் இவன் சொல்வதும் இதுதான்," என்றார் சேதுராயர். "இதற்காகத்தான் சபாநாதர் இவன் தலையைக் கேட்கிறார்."

பிள்ளை போனபிறகு முதல்முறையாக ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சபாநாதர் தினமும் ஆற்றங்கரைக்குப் போய் முன்வரிசையில் தரையில் உட்காரவேண்டும் என்று தீர்ப்பானது. மந்திரிக்கு ஒரு தந்தப் பல்லக்கு. ஆதிமூலத்துக்கு முத்துமாலை, அவன் கையை நீட்டவில்லை.

"இங்கே தெரிந்ததைப் போய் ராணியிடம் சொல்லுங்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்," என்றான்.

ராஜா அந்த உற்சாகத்தோடேயே எழுந்து, மந்திரியையும் அழைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்றபடி, "உன் மேல் குற்றமில்லை. சபையில் முடிவாகிவிட்டது," என்றார்.

உள்ளேயிருந்து ராணியின் குரல் மெதுவாக வந்தது. "குற்றம் இருக்கிறது என்றும் சபையில்தான் முடிவாயிற்று. கூட வந்திருப்பது யார்?"

"சேதுராயன், தாயே."

"உங்கள் கெட்டிக்காரத்தனம் அன்றைக்கு எங்கே போயிருந்தது, ராயரே?"

கதவு திறக்கவில்லை. சில நாளில் ராணி பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாள், திரும்பி வரவில்லை.

சபாநாதர் விழித்த விழியைச் சொல்லிச் சொல்லி ஊர் இன்றும் சிரிக்கிறது. பின்கட்டில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. அன்றைக்கு அரண்மனை வாசலில் தந்தப் பல்லக்கும் ஆட்களும் காத்திருந்தார்கள். சேதுராயர் அதைத் தாண்டி, வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனார்.